மலையில் வாடகை வீடு பார்க்கப் போகிறீர்களா? கட்டடத்துக்கு நீங்களே மதிப்பெண் போடும் முறை

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் வேலை மாற்றலாகி வருகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டுக் கூடவே தங்க வருகிறவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று வருகிறவர்கள் என்று பலருக்கும் வீடு பார்க்கக் கூடப் போயிருக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். முதலில் ஜன்னலைத் திறந்து வெளியே தெரிகிற பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள், அப்புறம் டைல்ஸ், அப்புறம் சமையலறை மேடை, அதோடு அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிடுவார்கள். மலையில் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். கட்டடம் நிற்கிற மண்ணில் தொடங்கி, தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, கடைசியில்தான் டைல்ஸுக்கு வர வேண்டும்.

கனடாவில் டொராண்டோ நகராட்சி, மூன்று மாடியும் பத்து வீடும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடங்களை ஆய்வு செய்து மதிப்பெண் கொடுக்கிறது. ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் நுழைந்து போடுகிற மதிப்பெண் அல்ல அது. படிக்கட்டு, வெளிச்சுவர், குப்பைக் கூடம் மாதிரி பொதுவான இடங்களையும் கட்டட அமைப்புகளையும் பார்த்துப் போடுவது. நம் ஊரில் வாடகைதாரருக்காக இப்படிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த அடிப்படை நமக்கும் பொருந்தும்: உங்கள் வீட்டை நீங்கள் சரிசெய்துகொள்ளலாம், கட்டடத்தை உங்களால் மாற்ற முடியாது. அதனால் கட்டடத்துக்குத்தான் மார்க்.

1. போவதற்கு முன் தயார் செய்ய வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா, நல்ல டார்ச், அளவு டேப், கரண்ட் டெஸ்டர், ஒரு கோலிக்குண்டு. செல்போனில் திசைகாட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொண்டு போங்கள், ஏனென்றால் கட்டடத்தின் பின்பக்கம் இறங்கிப் பார்க்கப் போகிறீர்கள்.

ஒரே தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தது இரண்டு தடவை, அதில் ஒன்று மழை பெய்யும்போது அல்லது பெய்து ஓய்ந்த உடனே, இன்னொன்று காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். மழையில் போனால் சுவரும் கூரையும் எப்படி என்று தெரிந்துவிடும், காலையில் போனால் வெயில் எப்போது வருகிறது, தண்ணீருக்குச் சண்டை இருக்கிறதா, வண்டி எடுக்க இடம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எந்த மாதம் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். பெரும்பாலானவர்கள் பள்ளி திறக்கும் முன்பு மே மாதத்தில் வருகிறார்கள். மே மாதம் தண்ணீர்ப் பஞ்சத்தைக் காட்டும், ஓதத்தை, அதாவது சுவரில் ஊறுகிற ஈரத்தை, மறைத்துவிடும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனமாக அடிக்கும், அதனால் அக்டோபர், நவம்பரில் பார்ப்பது நல்லது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த நேரத்தில் பார்க்க வாய்ப்பில்லை என்றால், இல்லாத மழையை நீங்கள் கறைகளில் தேட வேண்டியிருக்கும். அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

2. மதிப்பெண் தாளை முதலில் போடுங்கள்

வீட்டைப் பார்த்த பிறகு மார்க் போட உட்கார்ந்தால், பிடித்த வீட்டுக்குத் தானாகவே மார்க் கூடிவிடும். அதனால் கிளம்பும் முன்பே தாளை எழுதிவிடுங்கள். நான் போடுகிற கணக்கு இது, மொத்தம் நூறு.

மண்சரிவும் தடுப்புச் சுவரும்: 25
ஓதமும் கூரையும்: 20
தண்ணீர்: 15
வெயில்: 10
கழிவுநீர், குப்பை, விலங்கு: 10
மின்சாரமும் சூடும்: 10
வழி, படி, வண்டி, சத்தம்: 10

ஒவ்வொன்றிலும் முழு மார்க், பாதி, பூஜ்யம், இந்த மூன்றுதான். ஏழா எட்டா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், அந்த இடத்தில்தான் ஆசை உள்ளே புகும். டைல்ஸுக்கும் காட்சிக்கும் மார்க்கே கிடையாது. இரண்டு கட்டடம் சமமாக வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வரியில் பூஜ்யம் வந்தால் மற்றதைக் கூட்டவே வேண்டாம், அந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள். மீதி 75 வந்தாலும் சரி.

3. வெளியே நின்று பாருங்கள்: சரிவும் தடுப்புச் சுவரும்

வீட்டுக்காரர் சாவியோடு முன்னால் போவார். நீங்கள் உடனே பின்னால் போகாமல், "ஒரு தடவை சுற்றிப் பார்த்துட்டு வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டடத்தைச் சுற்றுங்கள். இந்த மலையில் உயரக் கட்டுப்பாடு இருப்பதால் அடுக்குமாடி என்று சொன்னாலும் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடிதான் தெரியும், மீதி இரண்டு தளம் சரிவை வெட்டிக் கீழே இறங்கியிருக்கும். வாடகை குறைவாக இருப்பது பெரும்பாலும் அந்தக் கீழ்த்தளத்து வீடுதான். அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

வெட்டிய மண்ணுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஆள் நடந்து போகிற அளவு இடமும், அதில் ஒரு வாய்க்காலும் இருந்தால் நல்லது. வீட்டுச் சுவரே மண்ணைத் தாங்கி நிற்கிறது என்றால், அந்த அறையில் ஓதம் வராமல் இருக்க வழியே இல்லை. சுவர் தாங்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

அடுத்து தடுப்புச் சுவர். இரண்டு சுவர் பார்க்க வேண்டும், மேலே மண்ணைத் தடுக்கிற சுவர், கீழே உங்கள் கட்டடத்தையே தாங்குகிற சுவர். பலர் மேலே இருப்பதை மட்டும் பார்க்கிறார்கள். கீழே இறங்கிப் போய் நிமிர்ந்து பாருங்கள். சுவர் நடுவில் வயிறு மாதிரி புடைத்திருந்தால், குறுக்கே விரிசல் ஓடியிருந்தால், பழைய விரிசலில் பூசிய சிமென்ட் மறுபடியும் பிளந்திருந்தால், பூஜ்யம். சுவரில் வரிசையாகக் குழாய் துளைகள் இருக்க வேண்டும், மண்ணுக்குள் சேர்கிற தண்ணீர் வடிவதற்கு. மழை நேரத்தில் அந்தத் துளைகளில் தெளிந்த தண்ணீர் சொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். சேறு கலந்து வந்தால் உள்ளே மண் கரைகிறது. சுவர் முழுக்க ஈரம், துளை மட்டும் காய்ந்திருக்கிறது என்றால் அடைத்துக்கொண்டிருக்கிறது.

குன்னூரில் ஒரு கட்டடத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். யாரோ துளைக்குள் பால் கவரைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தார்கள், தண்ணீர் வாசலில் சொட்டுகிறது என்பதற்காக. அங்கே குடியிருந்த அக்கா ஒரு குடைக் கம்பியால் அதைக் குத்தி எடுத்ததும், சிவந்த கலங்கல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. நாங்கள் டீ குடித்து முடிக்கும் வரை நிற்கவில்லை. அவ்வளவு தண்ணீரின் பாரத்தையும் அந்தச் சுவர் எத்தனை நாளாகத் தாங்கிக்கொண்டிருந்ததோ தெரியாது.

சிமென்ட் இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய பழைய சுவரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கல் இடுக்கு வழியாகவே தண்ணீர் வடிந்துவிடும். கல் நழுவாமல் இருக்கிறதா, மரத்தின் வேர் உள்ளே புகுந்து கல்லைத் தள்ளுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்படியே மேலே பாருங்கள். உங்களுக்கு மேலே உள்ள நிலத்தில் புதிதாகப் பொக்லைன் வைத்து மண் எடுத்திருக்கிறார்களா, எடுத்த மண்ணைச் சரிவிலேயே கொட்டியிருக்கிறார்களா, மழைநீர் ஓடுகிற ஓடையை மறித்து யாராவது கட்டியிருக்கிறார்களா? மரங்களின் அடிப்பகுதி வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் அந்த மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கலாம். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் விடிய விடியப் பெய்த மழையில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி ஒரு இரவில் இந்தச் சரிவு என்ன ஆகும் என்று நினைத்துத்தான் மார்க் போட வேண்டும். மாவட்ட நிர்வாகம் 283 இடங்களைப் பேரிடர் அபாயப் பகுதிகளாக அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கிற இடம் அதில் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் கோலிக்குண்டைத் தரையில் வையுங்கள். சும்மா கொஞ்சம் உருண்டால் பரவாயில்லை, தரை போட்டவர் செய்த தவறாக இருக்கும். ஆனால் எல்லா அறையிலும் பள்ளத்தாக்குப் பக்கமே ஓடுகிறது, கூடவே கதவு நிலையில் சிக்குகிறது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்புகிறது என்றால் கட்டடம் இறங்குகிறது. இதற்கும் பூஜ்யம்தான்.

4. ஓதமும் கூரையும்

கோத்தகிரியில் நாங்கள் குடியேறிய முதல் வீட்டில் படுக்கையறையின் ஒரு சுவர் மட்டும் புது வெள்ளையாக இருந்தது. அழகாகத்தான் இருந்தது. பீரோவை அந்தச் சுவரை ஒட்டி வைத்தோம். நவம்பர் முடிந்து பீரோவை நகர்த்தினால் அதன் முதுகு முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படிந்திருந்தது. உள்ளே என் மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் வைத்திருந்த ஃபைல் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாகிவிட்டது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து அடுப்பு மேடைப் பக்கம் காய வைத்தோம், இரண்டு தாள் கிழிந்தேவிட்டது. அந்த வருடம் முழுக்க அவளுக்கு மூச்சிரைப்பு. புதுப் பெயிண்ட்டைப் பார்த்தால் இப்போதெல்லாம் என் கை தானாகவே சுவரைத் தொடுகிறது.

அதனால், ஒரு வீட்டில் ஒரு சுவர் மட்டும், அல்லது எல்லாச் சுவரிலும் கீழே மூன்றடி மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பாருங்கள், நேராகப் பார்க்கும்போது தெரியாத கொப்புளமும் உப்பு பூத்த இடமும் நிழலோடு தெரியும். சாவியால் தட்டிப் பாருங்கள், உள்ளே பொள்ளல் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. சுவரலமாரியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டுப் பாருங்கள், நாப்தலின் உருண்டை வாசனை அதிகமாக இருந்தால் அது எதையோ மறைப்பதற்காக இருக்கலாம்.

ஓதம் மூன்று வகை, மூன்றுக்கும் மருந்து வேறு. கீழிருந்து மேலே ஏறுகிற கறை மண்ணிலிருந்து வருவது, அதை வாடகைதாரர் ஒன்றும் செய்ய முடியாது. மேலிருந்து இறங்குகிற கறை கூரையிலிருந்தோ மாடிக் குளியலறையிலிருந்தோ வருவது, வீட்டுக்காரர் மனம் வைத்தால் சரியாகும். அறை மூலைகளிலும் ஜன்னல் ஓரத்திலும் கறுப்புப் புள்ளி புள்ளியாக வருவது பெரும்பாலும் நம் மூச்சு, சமையல் ஆவி, உள்ளே காயப் போடுகிற துணி இவற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. காற்றோட்டம் கொடுத்தால் குறையும்.

எந்த வகை என்று குழப்பமாக இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சோதனை செய்யலாம். கைக்குட்டை அளவு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு வாருங்கள். மறுநாள் இரண்டாவது தடவை போகும்போது பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளி இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் அறைக்குள் இருக்கிற ஈரம்.

கூரை தகர ஷீட் என்றால் ஆணி, போல்ட் போட்ட இடங்களுக்கு நேர் கீழே சீலிங்கில் வட்டக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். காங்கிரீட் தளம் என்றால் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தே ஆக வேண்டும். பச்சைப் பாசி படிந்த இடம் தண்ணீர் தேங்குகிற இடம், அதற்கு நேர் கீழே யார் வீடு என்று கணக்குப் போடுங்கள். மழைநீர் இறங்குகிற குழாய் எங்கே போய் விழுகிறது என்பதையும் பாருங்கள், பல கட்டடங்களில் அது நேராகக் கீழ்வீட்டு அஸ்திவாரத்தில்தான் விழுகிறது.

5. தண்ணீர்

"தண்ணீர் வசதி இருக்குங்களா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், பொய்யும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, ஏப்ரல், மே மாதங்களில் எத்தனை நாளாகிறது, கட்டடத்தின் மொத்தத் தொட்டி எத்தனை லிட்டர், அதை எத்தனை வீடு பங்கு போடுகிறது?

ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலி அணையும் குன்னூருக்கு ரேலியா அணையும் முக்கியமான குடிநீர் ஆதாரம். அணையில் நீர் இறங்கினால் தெருவில் தண்ணீர் விடுகிற இடைவெளி கூடும். கணக்கை நீங்களே போடலாம். நாலு பேர், சிக்கனமாக ஆளுக்கு 80 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 320. ஆறு நாளைக்கு ஒருமுறை வருகிற தெரு என்றால் கிட்டத்தட்ட 1,900 லிட்டர் சேர்த்து வைக்க வேண்டும். நாலு வீட்டுக்கு ஒரே ஒரு ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்கிற கட்டடத்தில் முதல் நாளே குழாய் காற்றைத்தான் கக்கும். அப்போது லாரி தண்ணீர். லாரி அந்த ரோட்டில் ஏறுமா, ஏறினால் பைப் தொட்டி வரை எட்டுமா, காசு யார் கொடுப்பது? மூன்றையும் கேளுங்கள்.

கிணற்று நீர், ஊற்று நீர் என்றால் அதற்கு மேலே சரிவில் யாருடைய கழிவுத் தொட்டியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மார்க்.

6. வெயில்

சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது புரிய ஒரு குளிர்காலம் ஆகும். அங்கே வெயிலுக்குப் பயந்து வீடு பார்த்துப் பழகியிருப்பார்கள், இங்கே வெயிலைத் தேடிப் பார்க்க வேண்டும். டிசம்பரில் உச்சிப் பொழுதிலும் சூரியன் நம் தலைக்கு மேல் வராது, தெற்கே சாய்ந்து அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதனால் தெற்கிலும் கிழக்கிலும் ஜன்னல் இருக்கிற வீடு காயும். வடக்கு மட்டும் பார்த்த வீட்டில், அதுவும் பின்னால் மலை மறைத்தால், குளிர்காலம் முழுக்கத் தரை சில்லிட்டே இருக்கும்.

திசைகாட்டியை வைத்துத் தெற்குப் பக்கம் பார்த்து நில்லுங்கள். எதிரே மேடோ, கற்பூர மரங்களோ, பக்கத்துக் கட்டடமோ எவ்வளவு உயரத்துக்கு வானத்தை மறைக்கிறது? காலையில் ரோட்டில் வெயில் வந்த பிறகு இந்த ஜன்னலுக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, குளிர்ந்த காற்று பாரமானது, இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் காந்தல், தலைகுந்தா மாதிரி தாழ்வான இடங்களில் உறைபனி கொட்டுவது அதனால்தான். மேட்டில் கொஞ்சம் ஏறியிருக்கிற வீட்டில் அதே இரவு அவ்வளவு கடுமையாக இருக்காது.

துணி காயப் போட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜூலை மாதத்தில் ஒரு பள்ளி ஸ்வெட்டர் காய மூன்று நாள் ஆகும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

7. கழிவுநீர், குப்பை, விலங்கு

கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு அந்த இடத்துக்கே போய் நில்லுங்கள். மேல் கட்டடத்துத் தொட்டி உங்கள் பின்சுவருக்கு மேலே இருந்தால், நீங்கள் ஓதம் என்று நினைத்தது வேறு ஒன்றாக இருக்கலாம். கழிவு எடுக்கிற லாரியின் குழாய் ரோட்டிலிருந்து அங்கே எட்டுமா என்பதும் முக்கியம். எட்டாத தொட்டி நிரம்பினால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும்.

குப்பை திறந்து கிடந்தால் குரங்கும் காட்டுப்பன்றியும் வரும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடியும் வரும். காட்டு மாடு எல்லா இடத்திலும் நடக்கிறது, அதற்குக் கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலிலிருந்து ரோடு வரை இரவில் விளக்கு இருக்கிறதா, வளைவில் எதிரே என்ன நிற்கிறது என்று தெரியுமா என்பதற்கு மார்க் உண்டு. ஜன்னல்களுக்குக் கம்பி அல்லது வலை கட்டாயம் வேண்டும், குரங்குக்குக் கொக்கி திறக்கத் தெரியும்.

8. மின்சாரமும் சூடும்

இங்கே கீசரும் ஹீட்டரும் இல்லாமல் முடியாது. 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக்கில் சொருகினால் உருகிவிடும். படுக்கையறையில் பவர் பிளக் பாயின்ட் இருக்கிறதா, சுற்றிலும் கருகிய கறை இருக்கிறதா, மெயின் பாக்ஸில் அதிர்ச்சி தடுப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கீசரையும் ஒரு விளக்கையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், விளக்கு மங்கினால் வயரிங் பழையது.

மீட்டர் உங்களுக்கென்று தனியாக இருக்க வேண்டும். மூன்று வீட்டுக்கு ஒரே மின் இணைப்பு, உள்ளே தனித்தனியாகச் சின்ன மீட்டர் என்றால், மூன்று வீட்டு யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் விலைக்கு ஏறிவிடும். வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, ஆனால் மாதா மாதம் உங்கள் பணம்தான் போகும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்குக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி இறந்தவர்கள் இந்த மலைகளில் உண்டு. கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்து, காற்று போக வழி இல்லை என்றாலும் அதே ஆபத்துதான். மூச்சு முட்டுவது தெரியாது, தூக்கம் மாதிரி வரும். கீசரை வெளியே மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தால் ஒழிய அந்த வீட்டுக்கு இந்த வரியில் பூஜ்யம் போடுங்கள்.

9. வழி, படி, வண்டி, சத்தம்

ரோட்டிலிருந்து வாசல் வரை படிகளை எண்ணுங்கள். வாயில் சொல்கிற எண்ணிக்கையை நம்பாமல் நீங்களே எண்ணுங்கள். நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோவுக்குக் கிட்டத்தட்ட இருக்கும், அது உங்கள் வாசல் வரை வருமா, ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போவார்களா? வயதானவர்கள் இருந்தால், அவர்களை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏற முடியுமா என்று நினைத்துப் பாருங்கள். ஏறும்போது பிடிக்கக் கம்பி இருக்கிறதா, படியில் பாசி இருக்கிறதா?

சீசனில் பக்கத்து வீடுகள் காட்டேஜாக மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால் ஏப்ரல், மே மாத இரவுகளில் சத்தமும், வழியை மறித்து நிற்கிற வண்டிகளும் உறுதி. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டி.என். 43 எண் உள்ள வண்டிக்குத் தேவையில்லை. உங்கள் வண்டி வெளி மாவட்டப் பதிவு என்றால் இதையும் மனதில் வையுங்கள்.

10. குடியிருக்கிறவர்களிடம் பேசுங்கள்

வீட்டுக்காரர், புரோக்கர் இல்லாத நேரத்தில் பேச வேண்டும். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் கதவைத் தட்டி, "அக்கா, இங்க குடிவரலாம்னு பாக்குறோம், தண்ணி எப்படிங்க?" என்று தொடங்கினால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். வீடு எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டால் நல்லா இருக்கு என்பார்கள். போன நவம்பரில் எந்த அறையில் படுத்தீர்கள் என்று கேளுங்கள். ஓதம் இருக்கிற வீட்டில் மழைக்காலத்தில் எல்லோரும் ஒரே அறைக்கு வந்துவிடுவார்கள். முன்பு இருந்தவர் எத்தனை வருடம் இருந்தார், ஏன் போனார் என்பதையும் கேளுங்கள். சீசனுக்கு முன்பு காலி செய்யச் சொல்கிற வழக்கம் இருந்தால் இங்கேதான் தெரியவரும்.

11. கூட்டிப் பாருங்கள், பிறகு பேசுங்கள்

75க்கு மேல் வந்தால் தைரியமாக எடுக்கலாம். 55க்கும் 75க்கும் நடுவில் வந்தால், எங்கே மார்க் போனது என்று பாருங்கள். கூரை, வயரிங், டேங்க் மாதிரி சரிசெய்யக்கூடிய இடத்தில் போயிருந்தால் பேசலாம். வெயில், சரிவு, படி மாதிரி மாறாத இடத்தில் போயிருந்தால் வாடகையைக் குறைத்தாலும் அது அப்படியேதான் இருக்கும். 55க்குக் கீழே என்றால் வேறு வீடு பாருங்கள்.

இங்கே புதியவர்கள் செய்கிற தவறு, குறையைக் காட்டி வாடகையில் ஐநூறு ரூபாய் குறைத்துக்கொண்டு திருப்தியாக வந்துவிடுவது. ஐநூறு ரூபாயைவிட, மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயைத் திருப்பி விடுவது உங்களுக்குப் பல மடங்கு லாபம். காசைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள், அதுவும் குடிவருவதற்கு முன்பு.

12. ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நீங்கள் எதையும் படிக்காமல் பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டால் அதுவே ஒப்புக்கொண்டதாகிவிடும், கவனம்.

பழுதுகளையும் சட்டம் பிரித்திருக்கிறது. கட்டட அமைப்பு, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் இவை வீட்டுக்காரர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், சாக்கெட், அடைப்பு எடுப்பது இவை நம் பொறுப்பு. ஏதாவது தகராறு என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. இதோடு மலைக்கென்று மூன்று வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: லாரி தண்ணீர்ச் செலவு யாருடையது, தடுப்புச் சுவர், வடிகால் பராமரிப்பு யாருடையது, சீசனுக்காகக் காலி செய்யச் சொல்லக் கூடாது.

13. சாவி வாங்கும் நாள்

சாமான் இறக்குவதற்கு முன், காலி வீட்டில் ஒவ்வொரு சுவரையும் சீலிங்கையும் போட்டோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயிண்ட் காசைப் பிடிக்கிற பேச்சு வந்தால், எந்தக் கறை முன்பே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. மீட்டர் ரீடிங்கும் ஒரு போட்டோ.

பீரோ, கட்டில் எதையும் வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு கை நுழைகிற இடைவெளி விடுங்கள், காற்று போனால்தான் சுவர் காயும். அப்புறம் முதல் மழை பெய்கிற அன்று குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், தடுப்புச் சுவரின் துளைகளில் தண்ணீர் வடிகிறதா, எந்த நிறத்தில் வடிகிறது என்று பாருங்கள். அடைத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்காரருக்குப் போன் செய்யுங்கள்.